பெரியம்மாவுக்கு அடிபட்ட விவரம்

புதன்கிழமை, மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நலமாகவே இருக்கிறோம், எலும்பு எதுவும் முறியவில்லை, தையல் எதுவும் போடவில்லை, இதை முதலிலேயே எழுதிவிட்டேன், பின்னால் வருவதைப் படிக்கும்போது நீ பதறக் கூடாது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் சந்தோஷமாக இருக்க வேண்டும். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, பேரன் காதை மூடாமல் வெளியே ஓடுகிறானா, சொன்ன பேச்சைக் கேட்காதது அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று நீ தேட வேண்டாம், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தால் தெரிந்துவிடும். இங்கே மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, கீழ் வீட்டுக்காரர் மறுபடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், உன் அப்பாவுக்கு மூட்டு வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மற்ற சேதி இவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பெரியம்மா எப்படி இருக்கா என்று கேட்டதும் உன் அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி, "காருக்கு லேசா ஒரு கீறல், பட்டறையில விட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு உடனே அங்கே மழையா வெயிலா என்று ஆரம்பித்தார் இல்லையா, அது கீறல் இல்லை. நம் பெரியம்மாவின் இடப்பக்க முகமே போய்விட்டது. விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை, பம்பர் பாதி தொங்குகிறது, மட்கார்டு கசங்கி டயர்மேல் உட்கார்ந்திருக்கிறது, பானெட் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, உன் அப்பா உட்காரும் பக்கத்துக் கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது, அதன் கண்ணாடி பொடிப்பொடி. இருபத்திரண்டு வருஷம் பாப்பா. கிளம்பும்போது முனகும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஆனால் கூப்பிட்ட இடத்துக்கு வராமல் இருந்ததே இல்லை, அதனால்தானே உன் அப்பா அதற்குப் பெரியம்மா என்று பேர் வைத்தார். நீ ஓட்டப் பழகியது அதில்தான், அவருக்கு நெஞ்சு வலி வந்த அன்று ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் நான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதில்தான். அதை அந்தக் கோலத்தில் பட்டறையில் விட்டுவிட்டு வந்த அன்று நான் தெருவிலேயே அழுதேன், ஒரு காருக்குப் போய் அழுகிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

நடந்தது போன வாரம் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு. உன் அப்பா பிழை திருத்தி முடித்த காகிதக் கட்டை அச்சகத்தில் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தோம், ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் அவர்களும் இவரை விடுவதில்லை, இவரும் அவர்களை விடுவதில்லை. கிடங்குகள் இருக்கும் தெரு பெரிய சாலையைக் கடக்கும் முனை உனக்கு நினைவிருக்கும், நீ பழகும்போது மூன்று தடவை வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுத இடம். நிறுத்தக் கோடு நம் பக்கம்தான், நாம்தான் நின்று பார்த்துக் கடக்க வேண்டும், பெரிய சாலையில் வருகிறவர்களுக்கே வழி. நான் கடந்தேன். பாதிச் சாலை தாண்டியதும் இடப்பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரித் துணிகளை ஏற்றிப் போகும் சலவை வேன் வந்து இடித்தது. டயர் தேய்கிற சத்தம் முதலில், பிறகு இடி. அதற்கப்புறம் எது பட்டு எது ஆனதோ, மழையே இல்லாத நாளில் வைப்பர் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது, அது பாட்டுக்கு இப்படியும் அப்படியும் ஆடுகிறது, அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. எனக்குத் தோளில் பெல்ட் அழுத்திய காயம், கறுத்துப்போய் இப்போது மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. உன் அப்பா அந்த நேரம் குனிந்திருந்ததால் கண்ணாடித் தூள் எல்லாம் அவர் முதுகில் விழுந்தது, முகத்தில் ஒன்றும் படவில்லை.

போக்குவரத்து அதிகாரி வந்தபோது நான் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், யாரோ கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்திருந்தார்கள், மூடியைத் திறக்கத் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன், பேச்சு வரவில்லை. அதனால் அவர் உன் அப்பாவைக் கேட்டார். உன் அப்பா நிமிர்ந்து நின்று, "நாங்க நின்னோம், ரெண்டு பக்கமும் பார்த்தோம், ரோடு காலியா இருந்துச்சு, அந்த வேன்தான் திடீர்னு வேகமா வந்துச்சு" என்று சொன்னார். நான் அப்படியே விறைத்துப் போனேன். இந்த மனிதர் மளிகைக் கடையில் ஒரு சாமானைக் கூடுதலாகப் போட்டுவிட்டால் வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். அதிகாரி எழுதிக் காட்டியதை வாங்கிப் படித்தார், அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்ததாம், அந்த நிலைமையிலும் பேனாவை வாங்கித் திருத்தினார், அந்தப் பெரிய பொய்யை மட்டும் அப்படியே விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். வேன்காரர் அந்தப் பக்கம் நின்று "அந்தம்மா நிக்கவே இல்ல சார், நேரா வந்துட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், வேறு யாரும் பார்க்கவில்லை, எனவே இரண்டு பேரில் உன் அப்பா சொன்னதுதான் இதுவரைக்கும் நிற்கிறது. ஓட்டியவள் நான், என் வாக்குமூலம் இன்னும் பாக்கி. இன்சூரன்ஸ் ஆள் வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வருகிறார், நான் சொல்வதை எழுதிக்கொண்டு போவார், அத்துடன் முடிந்தது. அதுவரைக்கும் சலவைக் கம்பெனி அந்த வேன்காரரைச் சாவியைத் தொடவிடாமல் மடிப்பு அறையில் உட்கார வைத்திருக்கிறது, இருபத்தாறு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய மனிதர் காலையிலிருந்து சாயங்காலம் வரை போர்வை மடிக்கிறார். நானும் உன் அப்பா சொன்னதையே சொன்னால் அவருக்கு இனி வண்டி கிடையாது. நான் உள்ளதைச் சொன்னால் எனக்கு இனி வண்டி கிடையாது.

ஏன் என்று கேட்பாய். உன்னிடம் இரண்டு வருஷமாக மறைத்த ஒன்றை இப்போது எழுதுகிறேன், திட்டுவதென்றால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு. என் இடது கண் போய்க்கொண்டிருக்கிறது. கண் அழுத்த நோய். நடுவில் கொஞ்சம் தெரிகிறது, ஓரமெல்லாம் அடைத்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் கண்ணாடிக் கடையில் நின்று ஊருக்கெல்லாம் கண் பார்த்து அனுப்பியவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று நீ கேட்க வேண்டாம், தெரிந்தது. கடையை விட்டு வரும் கடைசி மாதத்தில் அழுத்தம் பார்க்கும் கருவியைப் பழுது பார்த்துக் கொண்டுவந்தார்கள், சரியாக வேலை செய்கிறதா என்று என் கண்ணில் வைத்துப் பார்த்தேன், அழுத்தத்தைக் கன்னாபின்னாவென்று கூட்டிக் காட்டியது, கருவிதான் இன்னும் கெட்டிருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், உன் அப்பாதான் தினமும் விட்டுவிடுகிறார். வண்டி ஓட்டுறீங்களா என்று டாக்டர் கேட்டதற்கு, இல்லை, என் கணவர்தான் ஓட்டுவார் என்று வாய் கூசாமல் சொன்னேன், சைக்கிளில் போனாலே சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற உன் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேந்தப் பேந்த விழித்தார். உரிமம் புதுப்பிக்கும்போது வலது கண்ணை மூடிக்கொண்டு சுவர் அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். அந்த அட்டையை முப்பத்தொரு வருஷம் பார்த்தவள் நான், கடைசி வரி வரைக்கும் எனக்கு மனப்பாடம். படிக்கிற மாதிரியே நடுவில் ஒரு தடவை கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்துவிட்டு வந்தேன். அம்மா கண்ணு இந்த வயசுலயும் என்னமா இருக்கு என்று அந்தப் பெண் பாராட்டினாள்.

அன்றிலிருந்து நாங்கள் இருவர் சேர்ந்துதான் ஓட்டுகிறோம். உன் அப்பா இடப்பக்கம் உட்கார்ந்திருப்பாரா, ஒவ்வொரு முனையிலும் எட்டிப் பார்த்து "இடப்பக்கம் காலி" என்பார், அவர் சொன்ன பிறகுதான் நான் கிளம்ப வேண்டும் என்று எங்களுக்குள் ஏற்பாடு. முதலில் வேடிக்கையாக இருந்தது, கப்பலுக்கு வழி காட்டுகிற ஆள் மாதிரி கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சொல்வார், நானும் சிரிப்பேன். போகப் போக எனக்கு அது குத்த ஆரம்பித்தது. ஓட்டத் தெரியாத மனிதர் சொல்லி நான் போக வேண்டியிருக்கிறதே என்று. அவர் பாவம், காபி குடிக்கும்போதுகூட ரோட்டைப் பார்த்துக்கொண்டே குடிப்பார்.

அன்றைக்கு நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், உன் அப்பாவுக்கே தெரியாது. நான் இரண்டு தடவை டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போட்டிருந்தேன், அதனால் உன் அப்பா என்னைக் கேட்காமலே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார், கிடங்குத் தெருவில் போகும்போது அதைச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என் கண்ணுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், உங்க வேலையைப் பாருங்க" என்றேன். நான் கோபத்தில் திருப்பத்தை வெட்டித் திருப்பியதில் அவர் மடியிலிருந்த காகிதக் கட்டு சரிந்து காலடியில் சிதறியது, அவர் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். முனை வந்தது. அவர் குனிந்திருப்பதை நான் பார்த்தேன் பாப்பா. அவர் இன்னும் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் பொறுக்கிவிட்டு நிமிர்ந்து சொல்லியிருப்பார். இத்தனை வருஷமாகக் கடக்கிற ரோட்டைக் கடக்க எனக்கு இவர் என்ன சொல்வது என்று நினைத்தேன், அவர் நிமிரும்போது நாம் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும், அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். வீம்பு, வேறொன்றும் இல்லை. கோட்டில் நிற்கவே இல்லை, மிதித்தேன்.

உன் அப்பா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் தெரியுமா, தான் குனிந்ததால்தான் இது நடந்தது என்று. தன் வேலையைத் தான் செய்யாமல் விட்டுவிட்டதாகவும், அவர் பேசாமல் இருந்ததைக் காலி என்று நான் எடுத்துக்கொண்டதாகவும் அவர் கணக்கு. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் பொய் சொன்னார், என்னைக் காப்பாற்ற. ஒன்பது நாளாக "நான் குனியாம இருந்திருக்கணும்" என்று பல் துலக்கும்போது சொல்கிறார், செருப்பு மாட்டும்போது சொல்கிறார். ஒருநாள் முகச்சவரம் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்து "நாங்க நின்னோம், ரெண்டு பக்கமும் பார்த்தோம்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார், வெள்ளிக்கிழமை தடுமாறாமல் சொல்ல வேண்டுமாம். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு ஓசைப்படாமல் திரும்பி வந்துவிட்டேன். இல்லை, நீங்கள் குனிந்ததை நான் பார்த்தேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும், அதுதான் வாயில் வரவில்லை.

நேற்று அவரிடம் சொல்லாமல் தனியாகப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் பெரியம்மாவை மேடையில் ஏற்றி முன் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார். "சேசிஸுக்கு ஒண்ணும் ஆகலம்மா, பயப்படாதீங்க, எழுப்பி உட்கார வெச்சிடலாம்" என்றார். பிறகு கதவைத் தடவிக்கொண்டே, அந்த வேன்காரர் பிரேக்கை அந்த மிதி மிதித்து இடப்பக்கம் ஒடித்திருக்காவிட்டால் இடி முன்பக்கத்தில் பட்டிருக்காது, "நேரா சார் மேலதான் வந்திருக்கும்" என்றார். சக்கரத் தடத்தைப் பார்த்தவர்கள் அவரிடம் சொன்னார்களாம். நாங்கள் யார் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறோமோ அவர்தான் உன் அப்பாவைக் காப்பாற்றியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து அந்த வேன்காரரே உள்ளே வந்தார், அவருடைய வேனும் அதே பட்டறையில்தான் கடைசியில் நிற்கிறது. ஐம்பது வயசிருக்கும், மடிப்பு அறையிலிருந்து நேரே வந்திருப்பார் போல, சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி. சண்டைக்கு வருவார் என்று நான் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் முன்னால் வந்து கொஞ்சம் தயங்கி, "அம்மா, நீங்க அந்தக் கண்ணாடிக் கடையில இருந்தவங்கதானே, என் பொண்ணுக்கு நீங்கதான் கண்ணு பார்த்தீங்க" என்றார். ஆமாம் என்றேன். "நீங்க நின்னதா சார் சொல்றாரு. பெரியவர், பொய் சொல்ற முகமா தெரியல. நீங்க நிக்காம வந்ததைத்தான் நான் பார்த்தேன், ஆனா இப்ப யோசிச்சு யோசிச்சு எனக்கே சந்தேகமாயிடுச்சு. என் கண்ணுல ஏதும் கோளாறு இருக்குமோம்மா, கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

பாப்பா, நான் என்ன செய்தேன் தெரியுமா, பார்த்தேன். பழக்கம், கை தானாகப் போய்விட்டது. ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லி எதிர்ப்பக்கத்துக் கடைப் பலகையைப் படிக்கச் சொன்னேன், பேரைப் படித்தார், அடியில் பொடி எழுத்தில் இருந்த போன் நம்பர் முழுதும் படித்தார். அடுத்த கண்ணிலும் அப்படியே. நேரே என் மூக்கைப் பார்க்கச் சொல்லி இரண்டு பக்கமும் விரலைக் காட்டினேன், ஓரத்தில் நான் விரலை அசைக்கிறேனோ இல்லையோ சொல்லிவிடுகிறார், இடப்பக்கம் என் விரல் எனக்கே தெரியாத இடத்தில் அவருக்குத் தெரிந்தது. "உங்க கண்ணு ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அவர் முகம் தெளியவில்லை. "அப்போ என் கவனம்தான் சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு வேன் பக்கம் போய்விட்டார். நல்ல கண் இருக்கிற ஒருவனைத் தன் கண்ணையே நம்பாதபடி நான் செய்துவிட்டேன்.

உன் அப்பா அச்சகத்திலிருந்து வரும் நேரம் ஆகிவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன். முதலில் உனக்கு எழுதினேன், எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது இல்லையா. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

சொல்லிவிட்டேன். புதன்கிழமை அவர் வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும், எதையும் பூசி மெழுகாமல் இங்கே உனக்கு எழுதியதையே சொன்னேன், வேன்காரர் கண் பார்த்துக்கொண்டதையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார், "அப்போ நான் குனிஞ்சதைப் பார்த்துட்டுத்தான் போனியா?" ஆமாம் என்றேன். எழுந்து போய்க் கழுவி வைத்திருந்த டம்ளர்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார். வியாழக்கிழமை முழுதும் முகம் கொடுத்துப் பேசவில்லை, சொட்டு மருந்து மட்டும் நேரத்துக்கு வந்து விட்டார், விடும்போது கை மெதுவாகத்தான் இருந்தது, வாய்தான் திறக்கவில்லை. நாற்பத்து மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் பேசாமல் ஒரு நாள் முழுதாகப் போனது இதுதான் முதல் தடவை, எனக்கு வீடே பிடிக்கவில்லை. இன்று காலை நான் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், "பஸ்ஸு ஒன்பதே காலுக்கு, நானும் என்னுதை மாத்திச் சொல்லணும் இல்ல" என்றார்.

பட்டறையில் இன்சூரன்ஸ் ஆள் பெரியம்மாவை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சலவைக் கம்பெனி மேலாளரும் வேன்காரரும் வந்திருந்தார்கள். இன்சூரன்ஸ் ஆள் அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு, கோட்டுல நின்னீங்களாம்மா என்று கேட்டார். நிக்கல என்றேன். என் இடது கண்ணைப் பற்றியும் உரிமத்துக்குச் சுவர் அட்டையை ஒப்பித்ததைப் பற்றியும் சொன்னேன், அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "இதை எழுதினா உங்களுக்குத்தான் பாதகம், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். பதினொரு நாளா யோசிச்சாச்சு, எழுதுங்க என்றேன். உன் அப்பா என் பக்கத்தில் வந்து நின்று, "நான் சொன்னது பொய், நான் ரோட்டைப் பார்க்கவே இல்ல, குனிஞ்சிருந்தேன்" என்று வேன்காரர் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

வேன்காரர் நன்றி சொல்வார், போனால் போகட்டும் என்பார் என்று நீ நினைத்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "என் பொண்டாட்டிகிட்டகூட என் தப்பா இருக்கும்னு சொல்லிட்டேம்மா" என்றார். "என் கண்ணை வேற பார்த்தீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?" அவ்வளவுதான், திரும்பி நடந்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து வண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்று அந்த மேலாளர்தான் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கிருந்து போக்குவரத்து அலுவலகம். அந்த அதிகாரி உன் அப்பாவைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார், படிச்சவர், எழுத்துப் பிழையெல்லாம் திருத்தினீங்களே என்றார், உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். விசாரணைக்கு ஒருநாள் கூப்பிடுவார்களாம், போவோம். என் உரிமத்தைக் கொடுத்துவிட்டேன். முப்பத்தாறு வருஷம் கைப்பையின் உள் அறையில் இருந்த அட்டை, அதை எடுத்த பிறகு அந்த அறையின் ஜிப்பை ஏன் மூட வேண்டும் என்று தெரியாமல் மூடினேன். திரும்பி வரும் வழியில் பட்டறையில் இறங்கினோம், வண்டியை என்ன பண்ணட்டும் சார் என்று மெக்கானிக் கேட்டார், சரி பண்ணுங்க என்றார் உன் அப்பா. யார் ஓட்டுவார்கள் என்று நான் கேட்டேன். "அதை அப்புறம் பார்க்கலாம், முதல்ல அவ முகம் நேராகட்டும்" என்றார். இரண்டு நாளில் அவர் என்னிடம் பேசிய மூன்றாவது பேச்சு அது. நீ விற்கச் சொல்லி எழுதுவாய், எனக்குத் தெரியும், இப்போது எழுதாதே, கொஞ்ச நாள் போகட்டும். எனக்குத் துக்கமாக இருக்கிறது பாப்பா, பெரியம்மாவுக்காகவும் எனக்காகவும், அதைச் சொல்ல வெட்கமில்லை.

நீ நல்லா இருக்க வேண்டும், மாப்பிள்ளையும் பேரனும் நீண்ட ஆயுளோடு உன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உங்களுக்கு உண்டு. இனி ஒரு விஷயம், இதை எழுதத்தான் இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி வந்தேன். கண் அழுத்தம் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடிய நோய். வலிக்காது, சிவக்காது, பாதி போகும் வரை தெரியவே தெரியாது, போனது திரும்பி வராது, ஆனால் முன்கூட்டியே பார்த்துவிட்டால் மீதியைக் காப்பாற்றலாம். கடையில் யாருக்காவது சந்தேகம் வந்தால் நான் முதலில் சொல்வதே, "உங்க பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போய்க் காட்டிடுங்க" என்பதுதான். முன்பின் தெரியாதவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னேன், உனக்கு மட்டும் இரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. சொன்னால் என் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீ அன்றே என் சாவியைப் பிடுங்கிவிடுவாய் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். உன் கண்ணையும் பணயம் வைத்துத்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நாற்பதைத் தொட்டுவிட்டாய், இந்த வாரமே போய்க் காட்டு. என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது, நல்லதென்றாலும் எழுது, இல்லையென்றாலும் எழுது, என்னைப் போல மறைக்காதே.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா